நாற்பத்தாறு முறை ‘மாற்றம் இல்லை’

என் தங்கை நகராட்சியில் அளவராக இருக்கிறாள். அளவர் என்றதும் மனை அளக்கிறவள் என்று நினைத்துக்கொண்டு, வேலித் தகராறோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பவர்கள் உண்டு. அவள் அளப்பது மனையை அல்ல. கட்டடங்கள் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்பதை. எங்கள் ஊருக்கு அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அதை மூடி முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. மேலே நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் ஏழு நிற்கின்றன. அவற்றை இடிக்கக் கூடாது என்று ஒரு சட்டம். ஆபத்தான நிலையில் விட்டுவைக்கக் கூடாது என்று இன்னொரு சட்டம். இந்த இரண்டு சட்டத்துக்கும் நடுவில் என் தங்கை ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள்.

எனக்கும் அவளுக்கும் ஒன்பது வருஷ வித்தியாசம். நான் எட்டாவதோடு நின்று தச்சு வேலைக்கு வந்துவிட்டேன். அவள் பள்ளிக்குப் பிறகு மூன்று வருஷம் தொழில்நுட்பம் படித்தாள். எங்கள் குடும்பத்தில் பெயருக்குக் கீழே முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுகிறவள் அவள் ஒருத்திதான். வேலை கிடைத்தபோது அவளுடைய மட்டக் கருவிக்கு நான் ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். உள்ளே கம்பளி ஒட்டி, கருவி அசையாதபடி நான்கு மூலையிலும் கட்டை வைத்தேன். அதே பெட்டிதான் இன்றும். கீல் மட்டும் ஒரு தடவை மாற்றினேன்.

கீழ்த்தளத்தில் என் பட்டறையும் எங்கள் வீடும். மாடி அறையில் அவள். கல்யாணப் பேச்சை எடுத்தால், “அதெல்லாம் அளந்து பாத்தாச்சு அண்ணி, மட்டம் உக்காரல” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். சொல்லிச் சொல்லி அந்தப் பேச்சே நின்றுபோயிற்று.

அவள் வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஏழு கட்டடங்களையும் அளக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஆறு நாள். முக்காலியில் கருவியை வைத்து, தூரத்தில் ஒருவர் கோலை நிமிர்த்திப் பிடிக்க, அதில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொண்டு, முக்காலியைத் தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இப்படியே ஊரின் மறு கோடி வரை போய், அதே வழியில் அளந்துகொண்டே திரும்ப வேண்டும். போன கணக்கும் வந்த கணக்கும் இரண்டு மில்லிமீட்டருக்குள் ஒத்துவராவிட்டால் அந்த நாள் வேலை வீண். மறுநாள் முதலிலிருந்து. வெயில் ஏறினால் தார் ரோட்டில் கோல் நெளிகிற மாதிரி தெரியும்; அதனால் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள். லாரி போனால் நிற்க வேண்டும். யாராவது வந்து, “ஏம்மா, ரோடு போடப் போறாங்களா?” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஊரில் அவளுக்குப் பெயரே ‘மில்லிமீட்டர்’ என்று ஆகிவிட்டது. அவள் காது படவே சொல்வார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

சுற்று முடிந்ததும் ஒரு பக்க அறிக்கை. நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒன்று, ஏழு கட்டடங்களின் கதவில் ஒவ்வொன்று. எந்தக் கட்டடம் எவ்வளவு இறங்கியது அல்லது ஏறியது, எங்கே விரிசல், எங்கே போகக் கூடாது, எல்லாம் அதில் இருக்கும். யாரும் படிப்பதில்லை. பழைய சந்தைக் கட்டடத்துக் கதவில் ஒட்டிய அறிக்கையில் யாரோ குழாய் ரிப்பேர்க்காரர் எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு வந்து, “அண்ணா, அந்தத் தாள் ஒருத்தருக்காவது உபயோகப்பட்டிருக்கு” என்றாள். சிரிக்கவில்லை. கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

எங்கிருந்தோ ஓரிடத்திலிருந்துதான் அளக்கத் தொடங்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த இடம் நூலகத்தின் கீழ்ப்படியில் பதித்திருக்கும் ஒரு பித்தளைக் குமிழ். எலுமிச்சம்பழத்தில் பாதி அளவு இருக்கும். அலுவலகத்தில் அதற்குப் பெயர் ‘பூஜ்ஜியம்’. சுரங்க வரைபடத்தில் கடைசிச் சுரங்கப்பாதை நூலகத்துக்கு எதிர்ப்புறச் சாலையோடு நின்றுவிடும். நூலகத்துக்கு அடியில் கெட்டி நிலம் என்றுதான் காகிதம் சொன்னது. அதனால் அவளுக்கு முன்பிருந்தவர்களும் அங்கிருந்துதான் அளந்தார்கள். அவளும் அங்கிருந்துதான் அளந்தாள். பதினொன்றரை வருஷம், நாற்பத்தாறு அறிக்கை. ஒவ்வொன்றிலும் முதல் வரி ஒன்றேதான்: ‘நூலகக் கட்டடம்: மாற்றம் இல்லை.’ கடைசி வரி, ஊரின் கிழக்குக் கோடியில் பாறை மேல் நிற்கும் செங்கல் தண்ணீர்த் தொட்டி. அது மட்டும் வருஷா வருஷம் கொஞ்சம் ஏறிக்கொண்டே போயிற்று. மற்ற கட்டடங்களும் ஏறின, ஆனால் தொட்டி அளவுக்கு இல்லை.

ஏறுவதற்குக் காரணமும் ஒன்று தயாராக இருந்தது. மூடிய சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பினால் மேலே நிலம் உப்பும். வேறு ஊர்களிலும் அப்படி நடந்திருக்கிறது என்று அவளுடைய மேலதிகாரியான நகராட்சிப் பொறியாளர் சொன்னார். அவளும் அதைப் படித்திருந்தாள். அலுவலகத்தில், “நம்ம ஊர்ல பசங்க வளர்றாங்களோ இல்லையோ, தண்ணித் தொட்டி வளருது” என்று பேசிச் சிரித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சாயங்காலம் நூலகத்துக்குப் போக வேண்டும், வாசிப்பு அறைக் கதவு மறுபடியும் பிடிக்கிறதாம் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

“மறுபடியும்னா?” என்றாள் தங்கை.

“இது நாலாவது தடவை.”

“மழை ஈரத்துல மரம் ஊதியிருக்கும்ணா.”

“ஊதின மரம் வெயில்ல சுருங்கணும்ல. இது சுருங்கல. எப்பவும் அதே மேல் மூலைதான் பிடிக்குது.”

அவள் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டாள். என்னிடம் வேலை நோட்டு இருப்பது அவளுக்குத் தெரியும். எந்தக் கதவு, எந்தப் பக்கம், எத்தனை நூல் இழைத்தேன் என்று தேதி போட்டு எழுதி வைப்பேன். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு எங்களுக்கு ஒரு நூல். நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள். நூலகக் கதவுக்கு மூன்று குறிப்பு இருந்தது. மூன்றும் சேர்த்து நாலரை நூல். மூன்றாவது குறிப்புக்குக் கீழே, ‘நிலைச்சட்டத்தில் ரசமட்டம் வைத்தேன். குமிழி வலது பக்கம் ஓடுகிறது’ என்று நானே எழுதியிருந்தேன்.

“இத ஏண்ணா என்கிட்ட சொல்லல?”

“நீதான் மாற்றம் இல்லைன்னு கையெழுத்து போட்டு ஒட்டியிருந்தியே. ரசமட்டம்தான் பழசாயிடுச்சுன்னு நெனச்சேன். போன மாசம் புதுசு வாங்கிட்டேன்.”

எழுந்து கை கழுவிவிட்டு, மாடிக்குப் போய் நாற்பத்தாறு அறிக்கைகளின் நகல்களையும் எடுத்து வந்து என் பட்டறை மேசையில் வரிசையாகப் பரப்பினாள். நான் நூலகத்துக்குப் போய்க் கதவைத் தொடாமல் திரும்பி வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணா, நூலகத்த நான் அளக்கவே இல்ல,” என்றாள். “பதினோரு வருஷமா நூலகத்துலேர்ந்துதான் அளந்திருக்கேன்.”

எனக்குப் புரிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. பூஜ்ஜியம் எப்போதும் பூஜ்ஜியம்தான். அது இறங்கினாலும் பூஜ்ஜியம்தான். அது இறங்க இறங்க, அசையாமல் நிற்கிறவை எல்லாம் ஏறுகிற மாதிரி கணக்கு வரும்.

மறுநாள் அவளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஓய்வுபெற்ற பழைய கோல்காரரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால், சுரங்கம் எட்டாத இடத்தில் அரசாங்க அளவைக் கல் ஒன்று இருக்கிறது. நூலகத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கிருந்து எடுத்த அளவு ஏட்டில் இருந்தது. அங்கிருந்து அளந்துகொண்டே வந்து, அளந்துகொண்டே திரும்பினார்கள். ஒரு நாள் கணக்கு ஒத்துவராமல் மறுநாளும் போனார்கள். தண்ணீர்த் தொட்டி ஒரு மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. நூலகம் அறுபத்தொரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அதுவும் ஒரு பக்கமாக. அந்தக் காலத்தில் சுரங்கக்காரர்கள் வரைபடக் கோட்டோடு நிற்காமல் உள்ளே தோண்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

நாற்பத்தேழாவது அறிக்கையை அவள் நேராக எழுதினாள். இதற்கு முன் வந்த நாற்பத்தாறு அறிக்கையும் தவறு, நூலகம் இறங்குகிறது, உள்ளே யாரும் தங்கக் கூடாது என்று மூன்றே வரி. பொறியாளர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். நூலகத்தைப் பூட்டச் சொல்லி அன்றைக்கே உத்தரவு போட்டார். ஆனால் அவள் எழுதிய மூன்று வரியை அடித்துவிட்டு, ‘குறிப்புப் புள்ளியின் மதிப்பு திருத்தப்பட்டுள்ளது’ என்று எழுதினார்.

“சார், இதப் படிச்சா அந்தக் கட்டடத்துல இருக்கறவருக்கு என்ன சார் புரியும்?”

“புரிய வேண்டியவங்களுக்குப் புரியும்மா.”

கட்டடத்தில் இருந்தவர் கடிகார ரிப்பேர்க்காரர். நூலகத்தின் முன்னறையில் அவர் கடை. பின்னால் இரண்டு அறைகளில் அவரும், பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக இருக்கும் அவர் மனைவியும். இருபத்தாறு வருஷமாக நகராட்சிக்கு வாடகை கட்டி வருகிறவர். படிக்க வருகிறவர்களை ஒரு பூட்டு போட்டு நிறுத்திவிடலாம். குடியிருப்பவரைக் காலி செய்ய வைக்க நோட்டீஸ், பதில், விசாரணை என்று அறுபது நாள் வேண்டும். மழைக்காலம் தொடங்க இருபது நாள்தான் இருந்தது. மழைத் தண்ணீர் பழைய சுரங்கத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் சாப்பாடு பாதியாகக் குறைந்துபோயிற்று.

ஒரு சனிக்கிழமை மதியம், “நான் போய்ச் சொல்லிட்டு வரேன்” என்று கிளம்பினாள். நானும் கூடப் போனேன். ஏதாவது தூக்க வேண்டியிருந்தால் ஆள் வேண்டுமே.

கடிகாரக்காரர் கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே எங்களைப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. அவள் பேச ஆரம்பித்ததும் சுவரில் தொங்கிய கம்பிக் கொக்கியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதில் அவளுடைய அறிக்கைகள் எல்லாம் குத்தியிருந்தன. நாற்பத்தேழும். இந்த ஊரில் ஒருவர் படித்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மேலே இருந்த தாளை விரலால் தட்டினார்.

“புள்ளியத் திருத்தியாச்சுன்னு போட்டிருக்கு. புள்ளியத் திருத்தினா நான் எதுக்கும்மா வீட்ட விட்டுப் போகணும்?”

“ஐயா, அந்த வரி நான் எழுதினது இல்ல. முன்னாடி நான் எழுதினது எல்லாம் தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“நாப்பத்தாறுமா?”

“நாப்பத்தாறும்.”

“அப்ப நாப்பத்தேழாவது மட்டும் எப்படி சரி?”

அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியை இழுத்துப் போட்டு, கொக்கியிலிருந்து தாள்களை உருவி, பழையதை மேலே வைத்து அடுக்கினாள். பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

“பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கறப்ப பக்கத்து பஸ் பின்னாடி போற மாதிரி தெரியும்ல. நகர்றது நம்ம பஸ்தான். இந்தத் தொட்டி பக்கத்து பஸ் ஐயா. நீங்க உக்காந்திருக்கறது என் பஸ்ல.”

முதல் தாளில் ‘மாற்றம் இல்லை’ என்பதை அடித்தாள். கடைசி வரியில் தொட்டி மொத்தம் இரண்டு மில்லிமீட்டர் உயர்வு என்று இருந்தது. அந்த இரண்டை எடுத்து நூலகத்துக்கு நேராக, ‘இறக்கம் 2’ என்று எழுதிக் கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டாள். அடுத்த தாளில் மூன்று. அதற்கடுத்ததில் அதே மூன்று. பிறகு ஐந்து. ஒவ்வொரு தாளிலும் உண்மையான எண் இருந்தது. வேறு கட்டடத்தின் பெயரில் இருந்தது. அவள் அவசரப்படவில்லை. ஒரு தாளிலும் கையெழுத்தைச் சுருக்கவில்லை. நான் கதவோரம் உட்கார்ந்துவிட்டேன். கடிகாரக்காரர் கைவேலையைத் தொடர்வதுபோல் பாவனை செய்துகொண்டே ஒவ்வொரு எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதாவது தாளில் அவள் இருபத்திரண்டு என்று எழுதியபோது, “அது எந்த மாசம்?” என்று கேட்டார். சொன்னாள். எழுந்து மூலைக்குப் போனார்.

அங்கே நூலகத்துக்குச் சொந்தமான ஆளுயரக் கடிகாரம் ஒன்று தரையில் நின்றது. ஊசல் ஆடும் பழைய கடிகாரம். அவர் பராமரிப்பில் இருந்தது. கடிகாரக்காரர்கள் பெட்டியின் உள்பக்கத்தில், செய்த வேலையைத் தேதியோடு பென்சிலால் எழுதி வைப்பார்கள் என்று அன்றுதான் பார்த்தேன். கதவைத் திறந்து, பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தார். அந்த மாதத்துக்கு அடுத்த மாதம்: ‘நின்றது. இடது காலுக்கு அட்டை ஒன்று.’ அப்படி ஐந்து குறிப்பு. நேராக நிற்காவிட்டால் ஊசல் நின்றுவிடும். அதனால் நிற்கும்போதெல்லாம் இடது காலுக்குக் கீழே ஓர் அட்டையைச் செருகியிருக்கிறார்.

அவர் ஒவ்வொரு தேதியாகப் படிக்க, அவள் அந்தத் தேதிக்கு உரிய தாளை எடுத்து எண்ணைச் சொன்னாள். இருபத்திரண்டு, முப்பத்தொன்று, நாற்பது, நாற்பத்தெட்டு, ஐம்பத்தாறு. ஐந்தாவதைச் சொல்லி முடித்ததும் அவர் கடிகாரத்தின் கதவை மூடினார்.

“என் கை தளர்ந்துபோச்சுன்னு நெனச்சேன்மா,” என்றார். “அஞ்சு தடவை பிரிச்சுப் பிரிச்சுப் பூட்டினேன். ஒரு பழுதும் கெடைக்கல. இனிமே தொழில் பண்ணக் கூடாதுன்னு இவகிட்டகூட சொன்னேன்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி, என்ன பேச்சு என்று கேட்டார். போக வேண்டுமாம் என்று இவர் சொன்னார். கொஞ்சம் பேச்சு குழறினாலும் அந்த அம்மா சொன்னது தெளிவாகத்தான் கேட்டது: “ஜன்னல் இருக்கற வீடாப் பாருங்க. இருபத்தாறு வருஷமா செவுத்தப் பாத்தாச்சு.”

தங்கை மீதித் தாள்களை விடவில்லை. நாற்பத்தாறையும் திருத்திக் கையெழுத்துப் போட்டு, அதே வரிசையில் கொக்கியில் குத்திக் கொடுத்த பிறகுதான் எழுந்தாள். பேனா பிடித்த விரலில் பள்ளம் விழுந்திருந்தது.

திங்கட்கிழமை என் தள்ளுவண்டியில் நான்கு நடையாகச் சாமான்களை ஏற்றினோம். அந்த அம்மாவை நாற்காலியோடு நானும் கோல்காரரும் தூக்கினோம். நகராட்சிக் குடியிருப்பில் காலியாக இருந்த கீழ்வீடு ஒன்றைப் பொறியாளர் அன்று மத்தியானமே எழுதிக் கொடுத்தார். அதை நான் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வெளியிட்ட அரசு அறிக்கைகளைக் கையால் திருத்தியதற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு கடிதமும் வந்தது. அவள் பதில் ஒரே வரி: ‘திருத்தியவை நான் கையெழுத்திட்டவை, திருத்தங்கள் சரியானவை.’ அதன் மேல் இன்னும் ஒன்றும் வரவில்லை.

நூலகம் விழவில்லை. மழைக்காலம் முழுக்க நின்றது, இப்போதும் நிற்கிறது. நான்கு பக்கமும் முட்டுக்கட்டை, சுற்றி வேலி. ஊரில் இப்போது புதுப் பேச்சு. நன்றாக இருந்த கட்டடத்தை மில்லிமீட்டர் மூடிவிட்டாள், பிள்ளைகளுக்குப் படிக்க இடமில்லை என்கிறார்கள். கடைக்குப் போனால் எனக்கும் திட்டு கிடைக்கிறது. விழுந்திருந்தால் நம்பியிருப்பார்கள். அது விழ வேண்டும் என்று அவளால் நினைக்க முடியுமா?

இப்போது வாரத்துக்கு ஒரு தடவை நூலகத்துக்குள் போய் அளக்க வேண்டும். அதற்கு அனுமதி உள்ள ஒரே ஆள் அவள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு, தனியாக. பத்து நிமிஷத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. திங்கட்கிழமை காலையில் நான் எந்த வேலையும் ஒத்துக்கொள்வதில்லை. வேலிக்கு வெளியே நிற்பேன்.

போன திங்கட்கிழமை போய் நின்றபோது, எதிர்ச் சாலையில் கடிகாரக்காரர் நிற்பதைப் பார்த்தேன். வீடு மாறிய பிறகு அவர் எங்களோடு அதிகம் பேசுவதில்லை. புது இடத்தில் வாடிக்கையாளர் வருவதில்லை என்ற வருத்தம். கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம். என்னைப் பார்த்தும் தலையசைக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். விசாரித்ததில், ஒன்பது வாரமாக வருகிறாராம்; சாலைக்கு முதுகைக் காட்டி நிற்கும் நான்தான் கவனிக்கவில்லை.

தங்கை வெளியே வந்து வேலியைப் பூட்டினாள். அவர் சாலையைக் கடந்து வந்தார்.

“பதினொண்ணே கால் நிமிஷம்,” என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

“படியில தூசியா இருந்துச்சு ஐயா. பாத்து இறங்கினேன்.”

“அடுத்த வாரம் பத்துக்குள்ள வா.”

சரி என்றாள். வேலியோரக் கல்லில் உட்கார்ந்து தலைக்கவசத்தைக் கழற்றினாள். நூலகத்துக்கு நேராக ‘இறக்கம் 74’ என்று குறிப்பில் எழுதி, அவர் பார்ப்பதற்காக நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.